பெயர் போட்ட மின்சாரம்

கோமதி வேலை முடிந்து வந்தபோது அவளுடைய அப்பா வேலாயுதம் இருட்டில் உட்கார்ந்திருந்தார். மின்சாரம் இருந்தது. எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. சுவிட்ச் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"ஏன்ப்பா லைட்டப் போடல?" செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"கண்ணு கூசுது."

அவள் போட்டாள். அவர் எழுந்து வாசல்பக்கம் போய்விட்டார்.

சாப்பிடும்போதுதான் அந்தப் பேச்சை எடுத்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏட்டி, நம்ம பேனலுக்கு ஒரு பேட்டரி வச்சா என்ன?"

கோமதிக்கு ஆச்சரியமாக இருந்தது. வீடு வீடாகப் போய், இந்தக் கூரைக்கு எத்தனை பேனல், இந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பேட்டரி என்று அளந்து சொல்வதுதான் அவள் வேலை. ஊருக்கெல்லாம் சொன்னவள் வீட்டிலும் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். "பகல்ல நாம குடுக்கோம், ராத்திரி எடுத்துக்கிடுதோம். நடுவுல எதுக்கு ஒரு பொட்டி?" என்று அவர்தான் அவள் வாயை அடைத்துவிடுவார்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. பொழுது சாய்ந்ததும் பெரிய லைன் மின்சாரத்தை நிறுத்திவிடுகிற ஏற்பாடு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அதற்குப் பதிலாக அக்கம்பக்கத்து வீடுகளை ஒரு வட்டமாகச் சேர்த்துக் கம்பி இழுத்திருந்தார்கள். பகலில் மிஞ்சுவதை எல்லாரும் வட்டத்துக்குக் கொடுப்பார்கள். இருட்டியபிறகு, பேட்டரி இருக்கும் வீடுகளிலிருந்து மற்ற வீடுகளுக்கு வரும். எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். யாருக்கும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லாமல் இருந்தது.

சென்ற வாரம்தான் மீட்டரை மாற்றினார்கள். வாங்குகிறவருக்குக் கொடுக்கிறவர் யார் என்று தெரிந்தால் அக்கம்பக்கத்தில் அன்பு வளரும் என்று யாரோ ஒரு நல்ல மனிதர் யோசித்திருந்தார். புதிய மீட்டரில் ஒரு சின்னத் திரை. அதில் பெயர் வரும்.

கை கழுவப் போகிற வழியில் கோமதி அதைப் பார்த்தாள்.

இப்போது தருபவர்: காலனி 3, த. சுடலைமுத்து.

காலனி அவர்கள் தெருவுக்குப் பின்னால், ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஊரில் இருக்கிறவர்கள் அங்கே போவதில்லை. அங்கிருந்து வேலைக்கு வருகிறவர்கள் உண்டு. அப்பா உரக்கடை வைத்திருந்த காலத்தில் சுடலைமுத்து அங்கே மூட்டை இறக்கியவர். கடையின் பின்சுவரில் ஒரு ஆணி அடித்து, அதில் அவருக்கென்று ஒரு டம்ளர் தொங்கும். அவர் மகள் அனுசுயா, கோமதியோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் இயற்பியல் படித்தவள்.

பேட்டரியைப் பற்றி அப்பா ஏன் கேட்டார் என்று குழாயடியில் நிற்கும்போது அவளுக்குப் புரிந்தது. புரியாதவள் மாதிரியே கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அம்மா பேச்சியம்மாள் வழக்கமாகச் சாயங்காலம்தான் மாவாட்டுவாள்.

"என்னம்மா, வேகாத வெயில்ல மாவாட்டுத?"

"இப்பவே முடிச்சிருவோம்னு பாத்தேன்."

"சாயங்காலம் என்ன?"

அம்மா வாசல்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சாயங்காலம் ஆட்டுன மாவுல இட்லி சுட்டா ஒங்கப்பா வயிறு சரியில்லைங்காரு. நாலு நாளா மோருஞ்சோறுதான். அதான், நம்ம வெயில் இருக்கும்போதே ஆட்டிட்டா பிரச்சினை இல்ல பாரு."

"அப்ப ஃபேனு? ராத்திரி பூரா ஓடுதே?"

"காத்து மேலதான படுது. வயித்துக்குள்ளயா போகுது?"

"ஃப்ரிட்ஜு?"

அம்மா உண்மையாகவே யோசித்தாள். "பகல்ல நம்மளது, ராத்திரி அவங்களது. பாதிப்பாதி. அத ஒண்ணும் செய்ய முடியாது."

கோமதி சிரித்துவிட்டாள். இதை அனுவிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பாள் என்று எண்ணியதும் அவள் சிரிப்பு நின்றது. அனுவிடம் இதைச் சொல்லவே முடியாது.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் பேசிப் பார்த்தாள்.

"அந்தப் பேரு சும்மா ஒரு கணக்குக்குத்தான்ப்பா. கம்பியில அப்படித் தனித்தனியா எல்லாம் வராது. குளத்துல நாலு பேரு தண்ணி ஊத்துறாங்க, நீங்க ஒரு சொம்பு மோந்துக்கிடுதீங்க. அது யாரு ஊத்துனதுன்னு சொல்ல முடியுமா? எல்லாம் கலந்துதான் வரும்."

"கலந்துதான்னு நீயே சொல்லுதல்ல" என்றார் அவர். "அதத்தான் நானும் சொல்லுதேன்."

படித்த படிப்பு அந்த இடத்தில் நின்றுபோனது.

"பேட்டரிய வச்சிருவோம்" என்றார். "நம்ம வெயிலு, நம்ம பொட்டி. யாருட்டயும் கையேந்த வேண்டாம். காலனிக்காரன் சர்க்காரு ஓசியில குடுத்த பேட்டரிய வச்சிக்கிட்டு எனக்குக் குடுக்கான். அதுவும் பேரப் போட்டு."

மறுநாள் காலையில் கோமதி மாடிக்குப் போய், மற்ற வீடுகளில் அளப்பது போலவே தங்கள் வீட்டையும் அளந்தாள். அந்தத் தெருவிலேயே முதன்முதலில் பேனல் போட்டவர் அவள் அப்பா. அந்தப் பெருமை பழசானது மாதிரி பேனலும் பழசாகியிருந்தது. மேற்கே புதிதாக எழும்பிய கல்யாண மண்டபத்தின் நிழல் மத்தியானம் தாண்டியதும் பாதிக் கூரையை விழுங்கிவிடும். பேட்டரி வாங்கலாம். நிரம்பாது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்ந்துவிடும்.

வட்டத்தின் பழைய கணக்கைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு வருடமாகவே இந்த வீடு வட்டத்துக்குக் கொடுத்ததைவிட வாங்கியதுதான் அதிகம். பக்கத்தில் பேட்டரி உள்ள வீடு என்றால் ஓடைக்கு அந்தப் பக்கம்தான். நிழலில்லாத புதுக் கூரைகள். அப்பா மோருஞ்சோறு சாப்பிட ஆரம்பித்ததற்கு எத்தனையோ நாள் முன்பிருந்தே அவர் இட்லிக்கு மாவு அரைத்தது அந்த மின்சாரம்தான்.

இதை அவரிடம் சொல்லலாம் என்று கீழே இறங்கினாள். படியில் நின்றாள். பிறகு பாதியை மட்டும் சொன்னாள்.

"பேனலு பத்தாதுப்பா. மண்டபத்து நிழல் விழுகு. பேட்டரி நெறையாது."

"மொதல்ல வாங்குவோம். நெறையுதா இல்லையான்னு பொறவு பாப்போம்."

"சும்மா கேட்டா குடுக்க மாட்டாங்க. காரணம் எழுதணும்."

அது உண்மை. பேட்டரிக்கு வேண்டிய உலோகம் சுலபத்தில் கிடைப்பதில்லை. வட்டத்தில் இருக்கும் வீடு தனியாகப் பேட்டரி கேட்டால், அளந்து பார்த்தவர் காரணம் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"யாரு கையெழுத்து? ஒன் கையெழுத்துதான? எழுது. காலனிப் பக்கத்துலருந்து வார கரண்ட் சரியில்ல, ஏறி ஏறி எறங்குது, சாமான்லாம் கெட்டுப்போகுதுன்னு எழுது."

"அப்படி எழுதுனா அந்த வீட்ட வட்டத்துலருந்து நிறுத்தி வச்சிருவாங்கப்பா. பேட்டரியக் கழட்டிக் கொண்டுபோயிருவாங்க. சோதிச்சு முடிக்க எத்தனை மாசம் ஆகுமோ."

"ஆகட்டுமே" என்றார் வேலாயுதம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால் வரட்டுமே என்று சொல்வதுபோலச் சொன்னார்.

முடியாது என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். "பாக்கேன்" என்றாள்.

அந்த வாரம் முழுக்க அவர் தினமும் கேட்டார். எழுதிட்டியா? எப்ப எழுதுவ? ஒருநாள் ஆபீசில் அவள் எழுதத் தொடங்கியும் விட்டாள். 'வட்டத்திலிருந்து வரும் மின்சாரத்தின் தரம்' என்பதுவரை எழுதினாள். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அழித்தாள். அழித்ததில் அவளுக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை. அதுவரை எழுதிய விரல்கள் அவளுடையவைதானே.

சனிக்கிழமை ஓடையைத் தாண்டிக் காலனிக்குப் போனாள்.

அனுசுயா இப்போது அரசுப் பள்ளியில் ஆசிரியை. மாடியில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கோமதியைக் கண்டதும் பேனாவை மூடிவிட்டு எழுந்தாள்.

"அடடே, மேடம்! வழி தவறிட்டீங்களா? பெரிய தெரு அந்தப் பக்கம்லா."

"சும்மா இரு, ஏட்டி."

"அஞ்சு வருசமா கூப்பிட்டேன், வரல. இன்னைக்கி என்ன மழை வரப்போகுதா?"

கோமதி சிரிக்க முயன்றாள். அனு எத்தனையோ முறை அவள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். கேட்டுக்கு வெளியே நின்று பேசுவாள், புத்தகம் வாங்குவாள், போய்விடுவாள். உள்ளே வா என்று கோமதி கூப்பிட்டதில்லை. கூப்பிடாமல் இருந்தது இப்போதுதான், இந்த மாடியில் நிற்கும்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

கூரை முழுக்கப் பேனல்கள் வெயிலில் மின்னின. நிழல் எங்கும் இல்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் கோமதி அவற்றின் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அளக்க வந்தியா?" என்றாள் அனு.

"இல்ல. ஒரு விசயம் கேக்கணும். அந்த மீட்டருல, தர்றவங்க பேர மறைக்கிற வசதி ஒண்ணு இருக்குல்லா."

"இருக்கு."

"அத..."

அனு காத்திருந்தாள். உதவி செய்யவில்லை.

"அத நீங்க போட்டீங்கன்னா நல்லாருக்கும்" என்றாள் கோமதி.

"யாருக்கு?"

கீழே யாரோ வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஒங்க அப்பாவா?"

"ம்."

"கரண்டுக்குமா, ஏட்டி?" என்றாள் அனு. அதில் கோபத்தைவிட வியப்புதான் அதிகமாக இருந்தது. "பிஎஸ்சில எலக்ட்ரானுக்கு என்னென்ன குணம் உண்டுன்னு படிச்சோம். இத விட்டுட்டாங்களே."

கோமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, புடிக்கலன்னா ஒரு பேட்டரி வாங்கி வச்சிக்கிட வேண்டியதுதான? நீதான் ஊருக்கே அளந்து குடுக்கிறவ."

"வச்சாலும் நெறையாது. மண்டபத்து நிழலு."

"அது ஒங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

"சொன்னேன். நம்பல. வட்டத்துக் கரண்ட் சரியில்லைன்னு எழுதித் தரச் சொல்லுதாரு. எழுதுனா பேட்டரி குடுத்துருவாங்க."

"எழுதுனா எங்கள நிறுத்திருவாங்க."

"ஆமா."

"எழுதிருவியா?"

இல்லை என்ற சொல் வாயில்தான் இருந்தது. அது வெளியே வர ஒரு நிமிடம் பிடித்தது. அந்த ஒரு நிமிடத்தை அனு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுத மாட்டேன்" என்றாள் கோமதி.

"ம்" என்றாள் அனு. திருத்திய தாள்களை எடுத்து அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள்.

"ஒண்ணு சொல்லட்டா? புது மீட்டரு வந்த அன்னைக்கி எங்க மீட்டருலயும் பேரு வந்துச்சு. பெறுபவர், க. வேலாயுதம்னு. எங்கப்பா அத போன்ல படம் புடிச்சு வச்சிருக்காரு. எங்க சித்தப்பாவுக்கெல்லாம் அனுப்புனாரு. மொதலாளி வீட்டுக்கு நம்ம வீட்டுலருந்து போகுதுன்னு. தெனமும் வெளக்கு வைக்கிற நேரத்துக்குப் போயி அதப் பாத்துட்டுத்தான் டீ குடிப்பாரு."

கோமதிக்குக் காது சுட்டது.

"பேர மறைச்சா ரெண்டு பக்கமும் மறைஞ்சிரும். ஒங்களுக்கு எங்க பேரு வராது, எங்களுக்கு ஒங்க பேரு வராது. அது தெரியும்லா?"

"தெரியும்."

"மறைச்சிருதேன். எங்க வீட்டுப் பிள்ளைங்க படிக்கிற வெளக்க எவனோ ஒருத்தன் வீம்புக்கு அணைக்க வேண்டாம். ஆனா எங்கப்பாட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒங்க பேரு ஏன் வரலன்னு அவரு ஒன்னயத்தான் கேப்பாரு. என்ன சொல்லணுமோ நீயே யோசிச்சு வச்சிக்க."

அப்போது சுடலைமுத்துவே மேலே வந்தார். கையில் இரண்டு டம்ளர் டீ.

"மொதலாளி வீட்டுப் பாப்பாவா? கீழருந்து சத்தத்த வச்சே நெனச்சேன்."

"மொதலாளின்னு சொல்லாதன்னு எத்தன தடவ சொல்ல?" என்றாள் அனு.

"நீ டீச்சரு, ஒனக்கு எல்லாரையும் திருத்தணும்." அவர் ஒரு டம்ளரை அனுவிடம் கொடுத்தார். இன்னொன்றை நீட்டாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "பாப்பா டீ குடிப்பீங்களா?"

குடிப்பீங்களா என்று அவர் கேட்டதில் இருந்த தயக்கத்தை மூன்று பேரும் கேட்டார்கள். கோமதி கையை நீட்டி வாங்கி, சூடு ஆறுவதற்குள் அவசரமாகக் குடித்தாள். நாக்கு பொத்துப்போனது. அவ்வளவு அவசரமாகக் குடித்திருக்க வேண்டாம் என்று பிறகு தோன்றியது. எதையோ நிரூபிக்கிறவள்போல இருந்திருக்கும். அவரை அய்யா என்பதா, அப்பா என்பதா என்று தெரியாமல், எதுவும் சொல்லாமலே டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் வேலாயுதம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மீட்டர் முன்னால் நின்றார். பிறகு வீடே கேட்கும்படி கூப்பிட்டார்.

"ஏளா பேச்சி! ஏட்டி கோமதி! இங்க வந்து பாருங்க!"

தருபவர்: பெயர் வெளியிட விரும்பவில்லை.

"பாத்தியா? இவன் மனுசன்! பேரே வேண்டாங்கான் பாரு. யாரா இருக்கும்? எனக்கென்னமோ வடக்குத் தெரு டாக்டரு வீடுன்னு தோணுது. அவருதான் புதுசா பெரிய பேட்டரி வச்சாரு."

"இருக்கும்" என்றாள் அம்மா. கோமதியை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய், ஊறவைத்த அரிசியைக் கிரைண்டரில் போட்டாள். பொழுது சாய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

அந்த மாவு புளித்து மறுநாள் இரவு இட்லியானது. அப்பா விரும்பிச் சாப்பிட்டார். இன்னும் இரண்டு கேட்டு வாங்கினார்.

"குடுக்கதுன்னா இப்படிக் குடுக்கணும்" என்றார். "வலதுகை குடுக்கது எடதுகைக்குத் தெரியாம. அந்தக் காலனிக்காரன் மாதிரி பேரப் போட்டுத் தம்பட்டம் அடிக்கதா குடுக்கது?"

கோமதி சட்னியில் இட்லியைத் தொட்டபடி இருந்தாள். இப்போது சொல்லலாம். ஒரே வாக்கியம்தான். சொன்னால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். நாளைக் காலையில் மறுபடி அந்தக் கையெழுத்தைக் கேட்பார். சொல்லாமல் இருப்பதற்கு அது ஒரு நல்ல காரணம்தான். நல்ல காரணம் இருப்பதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அப்ப பேட்டரி?" என்று மட்டும் கேட்டாள்.

"எதுக்கு வீணா? நீயே நெறையாதுன்ன. நம்மளச் சுத்தி நல்ல மனுசங்க இருக்கும்போது பேட்டரி எதுக்கு?"

அன்றிலிருந்து வீட்டில் விளக்கு எரிந்தது. அப்பா இருட்டில் உட்காரவில்லை. மீட்டருக்கு மேலே மாட்டியிருந்த சாமி படத்துக்குப் பூ வைக்கும்போது, சில நாள் மீட்டருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார்.

அனு போன் செய்யவில்லை. கோமதி இரண்டு முறை எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

சுடலைமுத்துவை அவள் சந்தையில் பார்த்தாள். தூரத்திலேயே கண்டு, கத்தரிக்காய்க் குவியலுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவர் அதற்குள் பார்த்துவிட்டார்.

"பாப்பா! நல்லாருக்கீங்களா? ஒங்களத்தான் கேக்கணும்னு நெனச்சிட்டே இருந்தேன்."

"சொல்லுங்க."

"கொஞ்ச நாளா எங்க மீட்டருல மொதலாளி பேரு வரமாட்டேங்கு. அனுவக் கேட்டா ஒங்கட்டக் கேளுங்கா. லைன்ல எதும் கோளாறா? வீட்டுல கரண்ட் வருதுல்லா?"

அவர் முகத்தில் கவலை இருந்தது. பெயர் போனதற்கான வருத்தத்தை அவள் எதிர்பார்த்திருந்தாள். அவர் கேட்டது அவர்கள் வீட்டில் விளக்கு எரிகிறதா என்பதைத்தான்.

யோசித்து வை என்று அனு சொல்லியிருந்தாள். இத்தனை நாளும் யோசித்தும் இருந்தாள். யோசித்த எதுவும் இப்போது வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது.

"நாங்க பேட்டரி வாங்கிட்டோம்" என்றாள்.

"அப்படியா!" அவர் முகம் தெளிந்துவிட்டது. "அதான பாத்தேன். நல்லது பாப்பா, ரொம்ப நல்லது. சொந்தமா ஒண்ணு இருக்கதுதான் எப்பவும் நல்லது. மொதலாளிக்கும் வயசாகுதுல்ல. பெருசா சின்னதா?"

"நடுத்தரம்."

"ராத்திரி பூரா தாங்குதா?"

"தாங்குது."

"எங்க வீட்டுல மிஞ்சுறது இப்ப வேற யாருக்கோ போகு. பேரு வரல. யாருக்குப் போனா என்ன, எங்கயோ ஒரு வெளக்கு எரியுது." அவர் கீரைக்கட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிளம்பப் போனவர் திரும்பி வந்தார். "பாப்பா, நீங்க படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியாததில்ல. இருந்தாலும் சொல்லுதேன். பேட்டரிய வெயில் படுற சொவரு ஓரமா வைக்காதீங்க. கீழ ஒரு பலகை போட்டு, தரையில படாம வைங்க. அப்புறம் எலி. எலிதான் பெரிய தொந்தரவு. எங்க வீட்டுல ஒருதடவ வயரக் கடிச்சு, ரெண்டு நாளு இருட்டுல கெடந்தோம்."

"சரிங்கய்யா" என்றாள் கோமதி. அவரை ஏதோ ஒரு சொல்லால் அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"மறந்துராதீங்க. பலகை போடுங்க."

போடுவதாகச் சொன்னாள். வாங்காத பேட்டரியைத் தரையில் படாமல் வைப்பதாகவும், எலி கடிக்காமல் பார்த்துக்கொள்வதாகவும், அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.